ஐரிஸ் மர்டாக்கிடம் மிஞ்சிய வார்த்தைகள்

ஐரிஸ் மர்டாக்கைத் தெரியுமா? 2001-ல் வந்த 'ஐரிஸ்' படத்தில் ஜூடி டென்ச் நடித்தாரே, அந்த அம்மாதான். 1919-ல் டப்ளினில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். 26 நாவல்கள் எழுதி, 1978-ல் புக்கர் பரிசும் வாங்கியவர். வார்த்தைகளோடே வாழ்ந்த இவருக்குத்தான் வயதான காலத்தில் அல்சைமர் நோய் வந்தது.

1994-ல் இஸ்ரேலில் ஒரு கருத்தரங்கு. கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் மேடையிலேயே திணறினார். மறு வருஷம் கடைசி நாவல் 'ஜாக்சன்ஸ் டைலமா' வந்தது. அதை எழுதும்போது தனக்கு நோய் இருப்பது அவருக்கே தெரியாது. 1997-ல்தான் விஷயம் வெளியே தெரிந்தது.

இதில் சுவாரசியமான சமாசாரம் பிறகு நடந்தது. இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் அவருடைய முதல் நாவல், புக்கர் வாங்கிய நாவல், கடைசி நாவல் மூன்றையும் கம்ப்யூட்டரில் போட்டு ஒப்பிட்டு, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். இலக்கணம் அப்படியே இருந்தது. வாக்கிய அமைப்பிலும் பெரிய மாற்றமில்லை. வார்த்தைகள்தான் குறைந்திருந்தன! அரிதான சொற்கள் போய், எல்லோரும் புழங்கும் சொற்கள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. பதிப்பகத்தார் தன் எழுத்தில் கை வைப்பதை அவர் விரும்பியதில்லை. அதனால் அச்சில் இருப்பது அவர் எழுதியதேதான்.

வீட்டில் இருப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பேச்சு முதலில் உளறலாக மாறிவிடுவதில்லை. 'அந்த... அதை எடு, எழுதுவோமே, அது' என்று வாக்கியம் சரியாகவே வரும், 'பேனா' மட்டும் வராது. கேட்பவருக்கு இது மறதியாகத் தெரியாது, பிடிவாதமாகவோ நடிப்பாகவோ தெரியும். உடனே 'இது என்ன, சொல்லு பார்ப்போம்' என்று பரீட்சை வைப்பார்கள். பாவம், அவர் இன்னும் பதறிப்போவார்.

ஐரிஸின் கணவர் ஜான் பெய்லி ஆக்ஸ்ஃபோர்டில் இலக்கியப் பேராசிரியர். கடைசி சில வாரங்கள் தவிர, மனைவியை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். எப்போது கிளம்புகிறோம் என்று ஐரிஸ் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பாராம். விளக்கம் சொல்லிப் பிரயோஜனமில்லை. கிண்டலாக எதையாவது சொன்னால் சிரிப்பார். அர்த்தம் போய்ச் சேராவிட்டாலும் குரலில் இருந்த கேலி போய்ச் சேர்ந்தது. பெய்லியும் புனிதர் இல்லை, பொறுமை இழந்து கத்தியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

மனைவி உயிரோடு இருக்கும்போதே, 1998-ல், அவர் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டதைப் பலர் கண்டித்தார்கள். ஐரிஸிடம் சம்மதம் கேட்க முடியாத நிலையில் அப்படிச் செய்யலாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் புத்தகம் இல்லாவிட்டால், ஐரிஸ் சிரித்தார் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

1999 பிப்ரவரியில் ஐரிஸ் இறந்தார். அதற்கு முந்தைய மாதங்களில், காலை வேளைகளில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து டிவியில் 'டெலிடப்பீஸ்' பார்ப்பார்களாம். அது இன்னும் பேச்சு வராத குழந்தைகளுக்காக எடுத்த நிகழ்ச்சி.