அப்பாவோட பழைய ஆம்ப்புக்கு மூவாயிரம் ரூபாய்ல ஸ்ட்ரீமிங்

வழக்கமா காய்ச்சல், சுகர், பாம்புக்கடின்னு எழுதுறவன் இன்னைக்கு பாட்டுப் பெட்டியைப் பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்ல நல்ல பழைய ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் துணி மூடிக் கிடக்குதுன்னா உங்களுக்கு உபயோகப்படும். நடுவுல மருத்துவமும் வரும். அது இல்லாம இந்தக் கதை கிடையாது.

ஊர் விருத்தாசலம். வெளியூர்க்காரங்களுக்கு ரயில்வே ஜங்ஷனும் விருத்தகிரீஸ்வரர் கோயிலும் தெரியும். எங்களுக்கு இது பீங்கான் ஊர். செராமிக் காலேஜ், தொழிற்பேட்டை, சூளைன்னு வளர்ந்தோம். அப்பா ஒரு பீங்கான் யூனிட்ல 26 வருஷம் வேலை பார்த்தார். பால் மில் பிரிவு. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூணையும் அரைச்சுக் கலக்குற இடம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் வெள்ளையா இருக்கும். நானும் தங்கச்சியும் "பவுடர் போட்டுட்டு வந்துட்டாரு"ன்னு சிரிப்போம்.

அவருக்கு இருந்த ஒரே செலவு பாட்டு. ரெக்கார்டிங் சென்டர் தெரியுமா உங்களுக்கு? டிடிகே 90 கேசட்டையும் துண்டுச் சீட்டுல பாட்டு லிஸ்ட்டையும் குடுத்துட்டு ஒரு வாரம் கழிச்சுப் போய் வாங்கணும். அப்படி 60 கேசட்டுக்கு மேல சேர்த்தார். 1994ல சிங்கப்பூர்ல இருந்த மாமா ஒரு மராண்ட்ஸ் ஆம்ப் கொண்டு வந்தார். அதுக்கு ஏத்த மாதிரி ஓவர்டைம் காசைச் சேர்த்து சென்னை போய் ஒரு ஜோடி சோனோடைன் ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்தார் அப்பா. அம்மா ரெண்டு மாசம் அவர்கிட்ட பேசல.

இப்போ அவருக்கு 67 வயசு. வீட்லயே ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வச்சிருக்கோம். நோயோட பேரு சிலிகோசிஸ்.

எம்பிபிஎஸ் மூணாவது வருஷம் சமூக மருத்துவப் பாடத்துல இதைப் படிச்சேன். தொழில்சார் நோய்கள்ல ஒரு பக்கம். பரீட்சைல அஞ்சு மார்க் கேள்வியா வந்துச்சு, நல்லாவே எழுதினேன். அதே வருஷம் லீவுக்கு வீட்டுக்கு வந்தப்போ அப்பா ராத்திரி பூரா இருமினார். "சூளை இருமல்டா, இங்க எல்லாருக்கும் இருக்கு"ன்னார். நானும் விட்டுட்டேன். டாக்டர் ஆனப்புறம் நானே ஆஸ்துமான்னு இன்ஹேலர் எழுதிக் குடுத்தேன், ரெண்டு வருஷம். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லணும்னு தோணவே இல்லை. கடைசியா ஒரு நெஞ்சக நோய் நிபுணர் படத்தை வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்துட்டு, "அப்பா என்ன வேலை பார்த்தாரு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார். எல்லா நோயாளிகிட்டயும் நான் கேக்க வேண்டிய கேள்வி அது. வீட்ல கேக்கல.

சரி, பாட்டுக்கு வர்றேன். போன வருஷம் அப்பா பாட்டு கேக்குறதை நிறுத்திட்டார். கேட்டா, "கேசட்டெல்லாம் பழசாயிடுச்சு, சத்தம் சரியில்ல"ன்னார். ஒரு நாள் விரல்ல பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டியிருக்கும்போதே டியூபைக் கழட்டி வச்சுட்டு கேசட்டைத் திருப்பிப் போட எழுந்து போனார். கட்டில்லேருந்து டெக் வரைக்கும் அஞ்சு அடி. 93 இருந்த அளவு 84க்கு வந்துச்சு. தொண்ணூறு நிமிஷக் கேசட்னா முக்கால் மணிக்கு ஒருக்கா திருப்பணும். அவர் நிறுத்துனதுக்குக் காரணம் சத்தம் இல்லை, அந்த அஞ்சு அடிதான்.

முதல்ல ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக் குடுத்தேன். ஒரு பாட்டு கேட்டார். "காதுல ஊசி குத்துற மாதிரி இருக்குடா"ன்னு அணைச்சுட்டார். முப்பது வருஷமா சோனோடைன் கேட்ட காது. ஆக, படுத்த இடத்துலேருந்தே அந்த ஆம்ப்பை இயக்கணும். இதான் தேவை.

ரெண்டாவது முயற்சி, எண்ணூறு ரூபாய் ப்ளூடூத் ரிசீவர். ஆம்ப்புக்குப் பின்னாடி சொருகிட்டா போன்ல ஓடுற பாட்டு ஆம்ப்ல வரும். பாட்டு கேட்டுட்டே வேற வேலை பார்க்காத ஆளுக்கு இது போதும். எனக்கு ஆகல. ஒரு ஞாயித்துக்கிழமை என் போனை அதுல இணைச்சு வச்சிருந்தேன். காஷுவாலிட்டிலேருந்து வாட்ஸாப்ல வாய்ஸ் மெசேஜ். யோசிக்காம தட்டிட்டேன். "சார், ஒரு பாய்சன் கேஸ் வந்திருக்கு"ன்னு தெரு முழுக்கக் கேட்டுச்சு. நல்லவேளை பேர் சொல்லல. அன்னைக்கே அதைப் புடுங்கிட்டேன்.

மூணாவது, பழைய போனை 3.5 மில்லிமீட்டர் கேபிள்ல ஆம்ப்போட இணைக்கிறது. செலவு வெறும் கேபிள் காசு. ஸ்பாட்டிஃபை கனெக்ட் வழியா இன்னொரு போன்லேருந்து பாட்டு மாத்தலாம். ஆனா சார்ஜர் சொருகினதும் ஸ்பீக்கர்ல "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல். சார்ஜரும் ஆம்ப்பும் ஒரே கரன்ட் லைன்ல சேர்றப்போ வர்ற கோளாறு. சார்ஜரை எடுத்தா இரைச்சல் போயிடும், ஆனா சாயங்காலத்துக்குள்ள போன் செத்துடும்.

கடைசியா நின்னது இது: ராஸ்ப்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ. விரல் நீளக் கம்ப்யூட்டர், வைஃபை உள்ளேயே இருக்கு. அது கூட பிசிஎம்5102ஏ சிப் வச்ச ஒரு சின்ன டாக் போர்டு. டாக்னா டிஜிட்டல் எண்களை ஆம்ப்புக்குப் புரியுற மின் அலையா மாத்துறது. இந்த சிப் 2.1 வோல்ட் குடுக்கும், அதாவது ஒரு சிடி பிளேயர் குடுக்குற அளவு. போனோட ஹெட்போன் ஓட்டை பெரும்பாலும் இதைவிடக் கம்மிதான். மெமரி கார்டுல மூட் ஆடியோங்கிற இலவச மென்பொருள். போர்டு, கார்டு, அடாப்டர், கேபிள் எல்லாம் சேர்த்து எனக்கு மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. பாட்டு இன்டர்நெட்லேருந்து நேரா இந்த டப்பாவுக்கு வருது. போன் வெறும் ரிமோட். அதனால எந்த வாய்ஸ் மெசேஜும் ஸ்பீக்கருக்குப் போகாது.

கூகுள் 2015ல குரோம்காஸ்ட் ஆடியோன்னு இதே வேலைக்கு ஒரு வட்டமான டப்பா விட்டுச்சு, 2019ல நிறுத்திட்டாங்க. பழசு கிடைச்சா விடாதீங்க. சாலிடரிங், மென்பொருள் எல்லாம் ஒத்து வராதுன்னா வீம் மாதிரி ரெடிமேட் ஸ்ட்ரீமர் இருக்கு. விலை கூட, தலைவலி கம்மி.

இணைக்கும்போது ஒண்ணு கவனிங்க. ஆம்ப் பின்னாடி ஃபோனோன்னு எழுதியிருக்குற ஓட்டைல சொருகாதீங்க. அது இசைத்தட்டு பிளேயருக்கு மட்டும். ரொம்ப மெல்லிய சிக்னலைப் பல மடங்கு பெருக்கி, பேஸையும் ஏத்தி விடும். ஆக்ஸ், சிடி, டேப் மூணுல எதுல வேணா போடலாம். நான் டேப்ல போட்டேன். பக்கத்துல கேசட் டெக் ஓட்டை காலியா நிக்கிறதை அப்பா கட்டில்லேருந்தே பார்த்துட்டார். "அதையும் எங்கயாவது சொருகுடா"ன்னார். ஆக்ஸ்ல சொருகிட்டேன்.

இன்னொண்ணு, கரன்ட். திடீர்னு போச்சுன்னா மெமரி கார்டு கெட்டுப் போக வாய்ப்பு இருக்கு. எனக்கு ஒரு தடவை போச்சு. இப்போ பையை இன்வெர்ட்டர் லைன்ல போட்டு, கார்டுக்கு ஒரு நகலும் எடுத்து வச்சிருக்கேன். இன்வெர்ட்டர் சைன் வேவா இருக்கட்டும். ஸ்கொயர் வேவ்னா ஆம்ப்போட டிரான்ஸ்ஃபார்மரே முனகும்.

"320 கேபிபிஎஸ் போதுமா, லாஸ்லெஸ் வேணுமா?"ன்னு கேப்பீங்க. சிடி தரம்னா 1411 கேபிபிஎஸ். காகிதத்துல பெரிய வித்தியாசம். எங்க வீட்ல அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கட்டில் பக்கத்துல கான்சன்ட்ரேட்டர் 45 டெசிபல்ல மூச்சு விட்டுட்டே இருக்கு. பாட்டோட மெல்லிசான இடமெல்லாம் அதுக்குள்ள முங்கிடும். அதோட அறுபது வயசுக்கு மேல உயர் அதிர்வெண் கேட்கும் திறன் எல்லாருக்கும் குறையும். அதனால நான் காசு செலவழிச்சது டியூபுக்கு. மெஷினைத் திண்ணைக்கு நகர்த்தி, ஏழு மீட்டர் டியூப் போட்டேன். எங்க மெஷினுக்கு 15 மீட்டர் வரைக்கும் போகலாம்னு கையேட்டுல இருக்கு. உங்க மெஷின் கையேட்டைப் பார்க்காம நீட்டாதீங்க. நீட்டின பிறகு கடைசி முனைல ஆக்சிஜன் சரியா வருதான்னு ஆக்சிமீட்டர்ல ஒரு நாள் பூரா பாருங்க. டியூப் தடுக்கி விழாம சுவரோரமா ஓட்டுங்க. ஆக்சிஜன் ஓடுற ரூம்ல விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் கூடவே கூடாது. எங்க வீட்டு சாமி படம் இதுக்காகவே சமையல்கட்டுப் பக்கம் போயிடுச்சு.

மெஷின் வெளியே போன அன்னைக்கு ராத்திரி ‘நத்திங் பட் விண்ட்’ போட்டேன். 1988ல இளையராஜா பண்ணது, ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல். அப்பா கண்ணை மூடிட்டு இருந்தார். பாதில, "அந்தாளு மூச்சு எடுக்குறது கேக்குதுடா"ன்னார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, சவுண்டைக் கொஞ்சம் கூட்டிட்டு வெளிய போயிட்டேன்.

மறுநாள் கேட்டார். "இதுல எல்லாப் பாட்டும் இருக்கா?" ஆமாம்பா. "அப்போ என் கேசட்டை என்ன பண்றது?"

அவருக்கு வேணும்னது எல்லாப் பாட்டும் இல்லை, அவர் சீட்டுல எழுதிக் குடுத்த வரிசை. ஒரு பாட்டு முடியும்போதே அடுத்தது எதுன்னு அவர் காதுக்குத் தெரியும். அதனால கேசட் அட்டைல பால்பாயின்ட் பேனாவுல எழுதியிருக்கிறதை அவர் படிக்க, நான் பிளேலிஸ்ட் போடுறேன். ஒரே மூச்சுல நாலு பாட்டு பேர் சொல்ல முடியாது. ஒரு பேர், ஒரு மூச்சு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான். ஆப்ல கிடைக்காத பாட்டை டெக்லேருந்து லேப்டாப்ல பதிவு பண்ணி கார்டுல ஏத்திடுறேன்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு. கட்-அவுட், இன்சுலேட்டர், அகல் விளக்கு, பொம்மைன்னு எந்த யூனிட்ல வேலை பார்த்தாலும், தூசியைக் காய்ஞ்ச விளக்குமாறால பெருக்காதீங்க, தண்ணி தெளிச்சுப் பெருக்குங்க. துண்டைக் கட்டினா சிலிக்காத் தூசி நிக்காது, என்95 மாஸ்க் வேணும். சிலிகோசிஸுக்கு குணமாக்குற மருந்து கிடையாது. தூசியை நிறுத்துறதுதான் வழி. இந்த நோய் இருக்குறவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பு பல மடங்கு அதிகம், அதனால இருமல் ரெண்டு வாரம் தாண்டினா அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துக்கோங்க. என்ன வேலை பார்க்குறீங்கன்னு டாக்டர் கேக்கலைன்னா நீங்களே சொல்லிடுங்க. இது அறிவிக்க வேண்டிய நோய்னு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட அட்டவணைலயே இருந்துச்சு. நான் எம்பிபிஎஸ்தான், நுரையீரல் நிபுணர் இல்லை. சந்தேகம்னா அவங்ககிட்ட அனுப்பி வைப்பேன்.

இப்போ 23ஆவது கேசட், பி சைடு ஓடிட்டு இருக்கு. இன்னும் நாப்பது சொச்சம் பாக்கி. போன வாரம் ஒரு அட்டைல எழுத்து அழிஞ்சு போயிருந்துச்சு. அப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "நாளைக்குச் சொல்றேன்"ன்னார். இன்னும் சொல்லல. எனக்கு எட்டு மணிக்கு டியூட்டி. டாக் போர்டு சாலிடரிங் பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்க, ராத்திரி வந்து பதில் போடுறேன்.