ஊசியின் காது

காய்ச்சல் மருந்துக் குப்பியோடு வரும் பிளாஸ்டிக் மூடியில் 2.5 மி.லி., 5 மி.லி. என்று கோடுகள் இருக்கும். பலவற்றில் மை கிடையாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கிலேயே மெலிசாகப் புடைத்து நிற்கும் எழுத்து. நடுராத்திரியில் பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதிக்கும்போது சமையலறை விளக்கடியில் நின்று அந்தக் கோட்டைத் தேடுபவர் அம்மா, இல்லாவிட்டால் அம்மாச்சி. நாற்பதைக் கடந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துப் பார்த்திருந்தால் அந்த மூடி இப்படி வந்திருக்காது என்று அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

நாற்பதை ஒட்டிக் கண்ணின் வில்லை இறுகத் தொடங்குகிறது. தூரத்தில் வரும் பேருந்தின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரியும். கைக்குள் இருக்கும் எழுத்து கலையும். இந்த வெள்ளெழுத்து நோயல்ல, நரைபோல எல்லோருக்கும் வருவது. உலகில் 82 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதற்கு உரிய கண்ணாடி இல்லாமல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. தாய்மார் உடல்நலம் என்று பேச்செடுத்தால் இரும்புச்சத்து வருகிறது, கால்சியம் வருகிறது, நடைப்பயிற்சி வருகிறது. கண்ணாடி மட்டும் வருவதில்லை.

எங்கள் வீட்டில் ஊசிகள் தினசரிக் காலண்டர் அட்டையில் குத்தியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா அட்டையோடு வாசற்படிக்கு வந்துவிடுவார். "ஏய்யா, இதக் கொஞ்சம் கோத்துக் குடுத்துட்டு வெளாடப் போ." ஒரு ஊசியோடு முடியாது. வெள்ளை நூல், கறுப்பு நூல், பள்ளிக்கூட டவுசருக்கு நீலம், அக்காவின் பாவாடைக்கு என்ன நிறமோ அது. நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசியை வானத்துக்கு நேரே பிடித்துக் கோப்பேன். அந்த வாரம் முழுக்கத் தேவைப்படும் ஊசிகள் நூலோடு அட்டையில் ஏறிவிடும். சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் நூலை நீளமாக விடச் சொல்வார். நீள நூல் சிக்கிக்கொள்ளும், சிக்கெடுக்கவும் நாங்கள்தான். அக்காவுக்குக் கல்யாணமாகி, நான் விடுதிக்குப் போன பிறகு, எதிர்வீட்டுப் பையனுக்கு முறுக்கு கொடுத்து அந்த வேலையை வாங்கியிருக்கிறார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் நடந்தது. ஊசி கோப்பது பிள்ளைகள் வேலை என்றே இருந்ததால், அம்மாக்களின் கண்ணைப் பற்றிய பேச்சாக அது ஒருநாளும் மாறவில்லை.

மாறாததற்கு அவர்களுடைய கைதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. மதுரை மாட்டுத்தாவணிச் சந்தையிலிருந்து வந்த மல்லியை மடியில் கொட்டிக்கொண்டு, பேச்சுக்கு நடுவே, குனிந்துகூடப் பார்க்காமல் கட்டுவார்கள். இரண்டு மொட்டு இப்படி, இரண்டு அப்படி, நாரில் ஒரு சுழற்று. பூக்கட்ட விரல் போதும். அரிசியைத் துழாவும்போதே கல் தட்டுப்பட்டுவிடும். உப்பின் அளவு உள்ளங்கைக்குத் தெரியும். கண் விட்டுக்கொடுத்த இடத்தையெல்லாம் கை வந்து நிரப்பிவிட, வீட்டில் எதுவும் நிற்கவில்லை. எதுவும் நிற்காததால் யாரும் கேட்கவுமில்லை.

கையால் மட்டும் முடியாத வேலையும் இந்த ஊரில் உண்டு. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. துணியை நுனிவிரலால் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, சாயத்தில் தோய்த்து, பிறகு அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி விழும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் நடுவே வீட்டிலிருந்து போட்டவை. அதே ஊரில், மீனாட்சியம்மன் கோயில் புது மண்டபத்தில் தூண்சிலைகளுக்கு அடியில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருந்த ஆண்கள் இன்று குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள். அவர்களில் வயதானவர்களின் மூக்கு நுனியில் கண்ணாடி இருக்கும். கத்தரி, டேப், கண்ணாடி எல்லாம் தொழில் சாமான். வீட்டு வேலையைத் தொழில் என்று எண்ணாத வீடு அதற்கான சாமானையும் வாங்குவதில்லை. இது எனக்குக் கோபம் தருகிற விஷயம்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி உடனே பெற்றவர்கள் பறித்த இலையின் எடை, பெறாதவர்களோடு ஒப்பிட 21 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக உயர்ந்தது. தோட்டத்தில் இலையை நிறுத்துப் பார்க்கத் தராசு இருந்தது, அதனால் தெரிந்தது.

மதுரை அண்ணா நகர்ப் பக்கம் போகும்போதெல்லாம் டாக்டர் கோ. வேங்கடசாமியை நினைத்துக்கொள்வேன். 1918-இல் வடமலாபுரத்தில் பிறந்தவர். சிறுவயதில் உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைக் கண்டு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று படிக்கப் போனார். முடக்குவாதம் வந்து விரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களைப் பழக்கியெடுத்துக் கண் அறுவை செய்யக் கற்றார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தாய்மாருக்காகக் கிளம்பியவர் அவர்களை வந்தடைந்தது கண் வழியாக. அங்கே பார்வை பார்ப்பதற்கும் மற்ற வேலைகளுக்கும் கிராமத்துப் பெண்பிள்ளைகளைப் பயிற்றி வைத்திருக்கிறார்கள். தன் மகள் வயதில் ஒருத்தி பக்கத்தில் நின்று, "இந்த வரி தெரியுதாம்மா?" என்று கேட்கும்போது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கூச்சம் விட்டுப்போகிறது.

கூச்சத்தோடு ஒரு பயமும் உண்டு. கண்ணாடி போட ஆரம்பித்தால் பவர் ஏறிக்கொண்டே போகும் என்பார்கள். போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை ஏறக்குறைய அறுபது வயதுவரை இறுகிக்கொண்டுதான் போகும். நடைபாதையில் விற்கும் ஆயத்தக் கண்ணாடி எழுத்தைத் தெளிவாக்கும். கண் அழுத்தத்தையோ சர்க்கரையால் விழித்திரைக்கு வந்த கேட்டையோ சொல்லாது. அதனால் ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. தெளிவான பார்வை வீட்டு வேலைக்கும் தேவை: அப்பாவுக்குச் சர்க்கரை உள்ள வீட்டில் இன்சுலின் ஏற்றிக் கொடுப்பது பெரும்பாலும் அம்மா. சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் கோடுகள் எவ்வளவு நெருக்கம் என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

"கண்ணு நல்லாத் தெரியுதாம்மா?" என்று கேட்டால் எந்த அம்மாவும் நல்லாத்தான் தெரியுது என்பார். மாத்திரை அட்டையைக் கொடுத்துக் காலாவதித் தேதியை வாசிக்கச் சொல்லலாம். கையை நீட்டிப் பிடித்து, விளக்குப் பக்கம் நகர்ந்து, "நீயே பாத்துச் சொல்லுய்யா" என்றாரானால் அந்த வாரமே கண் மருத்துவரிடம் கூட்டிப் போய்விட வேண்டும். கண்ணாடி வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள்: ஒன்று அவர் பைக்கு, ஒன்று சமையலறைக்கு.