பதிலெழுதப்படாத கடிதம்

கடிதம் எழுதும் வழக்கம் அருகிவிட்டதென்று வருந்துவோர் பலர். ஆயினும் காகிதத்தை விட்டுக் கணினிக்குள் குடிபுகுந்த கடிதமும் கடிதமே. அதற்கும் முகவரி உண்டு; நாளும் நேரமும் பொறித்த முத்திரை உண்டு; அது தொலைந்தால் துயருறும் நெஞ்சமும் உண்டு. கலைப்பீடத்து இறுதி வருட மாணவன் ஒருவன் 2024ஆம் ஆண்டின் இறுதியில், விடுதியறையில் ஓர் இரவு முழுவதும் கண்விழித்து அறிந்துகொண்ட உண்மை இது.

அவனுடைய பழைய மடிக்கணினியில் இயங்கியது லினக்ஸ். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருவின்மேல் எழுந்த உபுண்டு, பணம் கொடுத்து மென்பொருள் வாங்க இயலாத மாணவனுக்குப் பெருந்துணையாக இருந்தது. தண்டர்பேர்ட் என்னும் மென்பொருளின் வழியே அவன் தன் மின்னஞ்சல்களைக் கணினிக்கே இறக்கி வைத்திருந்தான். விடுதியில் இணைய இணைப்பு வேண்டிய வேளையில் கிடைப்பதில்லை. ஆதலால், இறக்கிய அஞ்சலைச் சேவையகத்திலிருந்து நீக்கிவிடும் ‘பொப்’ முறையையே தெரிந்திருந்தான். அவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லை என்பதை அவன் அந்நாளில் எண்ணிப் பார்க்கவில்லை.

அவ்வஞ்சல்களுள் அவனுடைய தந்தையாரின் கடிதங்களும் இருந்தன. ஓய்வுபெற்ற தபாலதிபரான அவர், பிறர் கடிதங்களுக்கு முத்திரை குத்தியே வாழ்நாளைக் கழித்தவர். மகன் பல்கலைக்கழகம் புகுந்தபின், தட்டுத்தடுமாறித் தட்டெழுதக் கற்று, வாரந்தோறும் ‘அன்புள்ள மகனுக்கு’ என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். 2022இல் அவர் காலமானார்.

உபுண்டு 22.04 என்னும் பதிப்பிலிருந்து 24.04இற்கு மேம்படுத்திய அன்று மாலை, கணினியை மீளத் தொடக்கும் அவசரத்தில், அஞ்சல் மென்பொருள் திறந்திருக்கையிலேயே மின்விசையை அழுத்தி அணைத்தான். மீண்டும் திறந்தபோது தண்டர்பேர்ட்டின் சாளரம் ஒரு கணம் தோன்றி மறைந்தது. பன்முறை முயன்றும் பயனில்லை.

காரணத்தை அறிய, கட்டளை முனையத்திலிருந்து அதனை இயக்கினான். ‘செக்மென்டேஷன் ஃபோல்ட்’ என்ற ஒற்றை வரியே விடையாக வந்தது. தனக்கு உரித்தல்லாத நினைவகப் பகுதியை நாடும் நிரலுக்கு லினக்ஸின் கரு 11ஆம் இலக்கச் சமிக்ஞையை அனுப்பி அதனை நிறுத்திவிடுகிறது. நிறுத்தியது எது என்பதை அவ்வரி கூறிற்று. நிரல் ஏன் வழிதவறியது என்பதைக் கூறவில்லை.

அதன்பின் அவன் செய்தது, ஆய்வு முறையியல் வகுப்பிற் கற்றதையே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தான். முதலில், துணைநிரல்கள் யாவற்றையும் முடக்கி இயக்கும் சிக்கல்தீர் நிலையில் திறந்தான், மீண்டும் விழுந்தது. எனவே துணைநிரல் காரணமன்று. அடுத்து, புதியதொரு பயனர் விவரத்தொகுதியை உருவாக்கித் திறந்தான். சாளரம் நிலைத்து நின்றது. எனவே மென்பொருளிற் குற்றமில்லை. பழைய தொகுதிக்குள் ஏதோ ஒன்று சிதைந்திருந்தது. அந்தத் தொகுதிக்குள்ளேதான் தந்தையாரின் கடிதங்களும் இருந்தன.

அவ்விடத்தில் அவனுடைய கை நடுங்கிற்று. எதனையும் அழிக்குமுன் அக்கோப்புறை முழுவதையும் வெளி வட்டு ஒன்றிற் பிரதி செய்தான். பின்னர் உள்ளே நோக்கினான். ஒவ்வோர் அஞ்சற்பெட்டிக்கும் இரு கோப்புகள் இருந்தன. ஒன்று, கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்ட வெறும் உரைக்கோப்பு. மற்றையது, அவற்றை விரைவாகக் காட்டுதற்கான சுட்டி. சுட்டி அழிந்தால் உரைக்கோப்பைப் படித்து மென்பொருள் அதனை மீண்டும் ஆக்கிக்கொள்ளும். உரைக்கோப்பு அழிந்தாலோ மீட்சி இல்லை.

உரைக்கோப்பைத் திறந்தான். தமிழ் எழுத்து ஒன்றேனும் தென்படவில்லை. ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் வரிசை வரிசையாக நின்றன. அவன் மனம் ஒரு கணம் சோர்ந்தது. பின்னரே அது சிதைவன்று, அஞ்சலில் அனுப்புதற்கான குறிமுறை என்பது நினைவுக்கு வந்தது. யுனிகோட் முறையில் ‘அ’ மூன்று பைட்டுகளாகும். 64 குறிகள் கொண்ட அஞ்சற் குறிமுறையில் அது ‘4, கே, 6, எஃப்’ என நான்கு குறிகளாகின்றது. தந்தையாரின் கடிதங்கள் யாவும் அந்நான்கு குறிகளோடு தொடங்கின. ‘அன்புள்ள’ என்னும் சொல்லின் முதலெழுத்து அங்கே அழியாமல் இருந்தது.

ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பகுதியிலும் அதன் நிலை ஓர் இலக்கத்தாற் குறிக்கப்பட்டிருந்தது. வாசிக்கப்பட்டதற்கு 1, பதிலெழுதப்பட்டதற்கு 2, இரண்டும் நிகழ்ந்திருப்பின் 3. தந்தையாரின் கடிதங்களில் 3 என்பதே தொடர்ந்து வந்தது. இறுதிக் கடிதத்தில் மட்டும் 1 என்றிருந்தது.

சுட்டிக் கோப்புகளை நீக்கிப் பழைய தொகுதியை மீண்டும் திறந்தான். சாளரம் விழவில்லை. பெட்டிகள் மெல்ல மெல்ல நிரம்பின. தந்தையாரின் இறுதிக் கடிதம் நான்கே வரிகள். மழை, வீட்டுக் கிணற்று நீர், தாயாரின் முழங்கால் வலி; ஈற்றில், ‘விடுமுறைக்கு எப்போது வருகிறாய்?’ என்றொரு வினா. பரீட்சை நெருங்கிய அக்காலத்தில், பின்னர் எழுதலாம் என்று அதனை மூடிவைத்தது அவனுக்கு நினைவிருந்தது.

கணினியின் பிழைக்குக் காரணம் கண்டு திருத்தம் செய்ய ஓரிரவு போதுமாயிருந்தது. அந்த இலக்கம் காட்டிய பிழையோ அவ்வகையிற் சேர்ந்ததன்று. பதில் எழுதினாலும் வாசிப்பார் இல்லை. அவன் கடிதங்களின் இரண்டாவது பிரதியொன்றை எடுத்துவைத்தான். பொழுது புலர்ந்ததும் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் கேளாமலே, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவதாகக் கூறினான்.