அத்தைக்கு இடுப்பில் உதறியது

ஓடுகிற வண்டியில் நடுக்கம் என்று வாயைத் திறந்தால் போதும், தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் டாக்டராகிவிடுவார்கள். "என்ஜின் மவுண்டிங் போயிருக்கும் சார்" என்பார் எதிர்வீட்டுக்காரர். "அலைன்மென்ட்தான்" என்பார் ஆபீஸ் நண்பர். வாழ்நாளில் ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டியிராத என் மச்சினன், "டீசல்ல கலப்படம் மச்சான்!" என்று ஒரே போடாகப் போட்டான்.

எங்களுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஏழு சீட் டீசல் வண்டி. திருச்சிக்குள் சுற்றுகிறவரை பரம சாது. நெடுஞ்சாலைக்குப் போய் 80ஐத் தொட்டால், குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறும். 100ஐ நெருங்கினால் சற்று அடங்கும். இது நடந்தது 2023இல். சென்னையில் இருந்த மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். கிட்டத்தட்ட 330 கிலோமீட்டர். "சரி பண்ணுங்க. இல்லேன்னா என் பொண்ணை இதுல ஏத்த மாட்டேன்" என்று மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள். அப்பீல் கிடையாது.

சர்வீஸ் சென்டரில் விட்டேன். "ஓட்டிப் பார்த்துட்டோம் சார், ஒரு பிரச்னையும் இல்லை" என்றார்கள். எங்கே ஓட்டினார்கள் என்று விசாரித்தால், பக்கத்துத் தெருவில், 40 வேகத்தில்! 90இல் வருகிற வியாதியை 40இல் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பிறகு வீல் பாலன்ஸிங். சந்தேகம் நியாயமானதுதான். இந்த மாதிரி வண்டியின் சக்கரம் 90 வேகத்தில் விநாடிக்கு 11 தடவை சுற்றுகிறது. ரிம்மில் ஒரு பக்கம் 30 கிராம் கூடுதலாக இருந்தால், அது ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 3 கிலோ பலத்தில் வெளியே இழுக்கும். வேகம் பாதியானால் இழுப்பு கால்வாசிதான். அதனால்தான் ஊருக்குள் ஒன்றும் தெரியாது. மிஷினில் ஏற்றினார்கள். நாலு சக்கரத்துக்கும் ஜீரோ. "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு சார்." பில்லைக் கட்டிவிட்டு, அதே உதறலோடு வீடு வந்தேன்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது என் மாமியார். நடு சீட்டில் உட்கார்ந்திருந்தவர், பாடாலூர் பக்கம் வரும்போது கேட்டார்:

"மாப்பிள்ளை, உங்களுக்குக் கையில உதறுதா?"

"இல்லையே அத்தை."

"எனக்கு இடுப்புலதான் உதறுது. கல்லு ஒரு பக்கமா தேஞ்ச கிரைண்டர் மாதிரி."

கையில் இல்லை, இடுப்பில்! பாதி வைத்தியம் அதிலேயே முடிந்தது. ஸ்டீயரிங் உதறினால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட் உதறினால் பின்பக்கம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக் டிஸ்க். நிற்கும்போதே நடுங்கினால்தான் எதிர்வீட்டுக்காரர் சொன்ன என்ஜின் மவுண்டிங்.

மறுநாள் விடியற்காலை, சமயபுரம் தாண்டி முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடத்தில், 90இல் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளினேன். (சாவியைத் திருப்பி அணைத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும்!) என்ஜின் முனகலாக அடங்கியது, உதறல் மட்டும் அப்படியே இருந்தது. ஆக, என்ஜின் நிரபராதி. டீசலும்தான். பாக்கி, பின் சக்கரமும் புரொபல்லர் ஷாஃப்டும். ஷாஃப்ட் சக்கரத்தைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் சுற்றுவதால், அதன் நடுக்கம் வண்டு ரீங்காரம் மாதிரி பொடியாக இருக்கும். எங்களுடையது தட தட ரகம்.

நேரே நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடை. பெரியவர் முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். ஒரு சாக்பீஸை டயருக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெள்ளச் சுற்றினார். வலது சக்கரம் சுத்தம். இடது சக்கரத்தில் ஓர் இடத்தில் சாக்பீஸ் உரசியது. கையை உள்பக்கம் விட்டுத் தடவினார்.

"இங்க பாருங்க, பொடைச்சிருக்கு. உள்ளே கம்பி பெல்ட் விட்டுப் போச்சு."

"மிஷின்ல ஜீரோ காட்டுச்சே?"

"அது எடையைத்தான் பார்க்கும். வட்டத்தையா பார்க்கும்?"

டயரில் பட்டன் தாராளமாக இருந்தது. வண்டி அதிகம் ஓடாததுதான் காரணம். ஆனால் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்கம் 1416. அதாவது, 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் பிறந்த டயர். ரப்பருக்கு ஓடினாலும் வயசு, நின்றாலும் வயசு.

"இதோட எங்க போறதா இருந்தீங்க?" என்றார் பெரியவர்.

"மெட்ராஸுக்கு. மாசமா இருக்கிற பொண்ணைக் கூட்டிட்டு வர."

அவர் பதில் பேசாமல் ஸ்டெப்னியை மாட்ட ஆரம்பித்தார். பெல்ட் விட்ட டயர் வேகத்தில் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்துவிடும். பின்பக்கம் இப்படி ஆனால் வண்டியின் வால் வீசும், உயரமான வண்டி என்றால் குடை சாயும். 2000இல் அமெரிக்காவில் இந்தக் கோளாறுக்காகவே ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் மாட்டியிருந்தவை.

பின்பக்கம் இரண்டு டயரும் புதிது போட்டேன். பர்ஸ் இளைத்தது. வளைகாப்பு முடிந்து திரும்பும்போது மகள் திண்டிவனத்தில் தூங்க ஆரம்பித்தவள், உளுந்தூர்பேட்டை தாண்டியும் எழுந்திருக்கவில்லை. ஸ்பீடாமீட்டர் முள் 90இல். உதறலே இல்லை.

பெரம்பலூர் தாண்டியதும் பின்னாலிருந்து மாமியார் குரல்: "மாப்பிள்ளை, இப்ப ஏதோ கொர்ருனு ஒரு சத்தம் வருதே?"

கண்ணாடியில் பார்த்தேன். "அது உங்க பொண்ணு அத்தை."