கடன்காரர்கள் இருக்கும் ஃபோல்டர்

மாமா காலமானதில், மருந்துக் கடையின் கடன் பாக்கிக் கணக்கு முழுக்க கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டது. பில்லிங் புரோகிராமின் பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. ‘‘நீ பி.காம். படிச்சவன்தானே, பாருப்பா’’ என்றார் மாமி. பி.காம். படித்தவனுக்கு வேறென்ன மரியாதை!

டேட்டாபேஸ் என்பது ரிஜிஸ்தர் ஆபீஸ் ரெக்கார்டு ரூம் மாதிரி. நாம் உள்ளே போக முடியாது. எஸ்.க்யூ.எல். பாஷையில் மனு எழுதி ஜன்னலில் நீட்டினால், கேட்டது வரும். எனக்கோ அந்த பாஷை தெரியாது.

மாடியில் குடியிருக்கும் இன்ஜினீயரிங் பையன், டேட்டாபேஸைத் தன் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டராக ‘மவுண்ட்’ செய்தான். டேபிளுக்கு ஒரு ஃபோல்டர், ஆளுக்கு ஒரு ஃபைல். நிஜத்தில் டிஸ்க்கில் அப்படி ஃபைலே கிடையாது. நாம் தொட்டதும், நடுவே நிற்கும் ஒரு புரோகிராம் ஓடிப்போய் டேட்டாபேஸைக் கேட்டு, பதிலுக்கு ஃபைல் வேஷம் கட்டி நிறுத்துகிறது.

யூனிக்ஸ்காரர்களுக்கு இந்த ஆசை பழசு. 1984-ல் பெல் லாப்ஸின் டாம் கில்லியன், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களையே ஃபைல்களாகக் காட்டினார். சாதாரண புரோகிராமும் இப்படி வேஷம் கட்ட உதவும் ‘ஃபியூஸ்’ (போனால் இருட்டாகும் ஃபியூஸ் இல்லை) 2005-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஃபைலாகப் படித்தார். ஒன்றில் நின்றார். கிராமத்தில் சின்னக் கடை வைத்திருந்தவர், இப்போது படுத்த படுக்கை. ‘‘இதை அழிச்சிடு. மாமா இருந்தா கேட்டிருக்க மாட்டார்.’’

நல்லவேளை, பையன் ‘பார்க்க மட்டும்’ என்றுதான் மவுண்ட் செய்திருந்தான். எழுத அனுமதித்திருந்தால், ஒரு டெலீட்டில் கடன்காரரே கணக்கிலிருந்து காணாமல் போயிருப்பார். கடனைத் தள்ளுபடி செய்வதென்றால் இரண்டு பதிவு வேண்டும்: வாராக்கடனில் பற்று, அவர் கணக்கில் வரவு. ஃபோல்டரில் அவை இரண்டு தனித்தனி ஃபைல். ஒன்றைத் திருத்தியதும் கரண்ட் போனால் கணக்கு டேலி ஆகாது. டேட்டாபேஸில் மட்டும்தான், நடந்தால் இரண்டும், இல்லையேல் எதுவுமில்லை என்று கட்டிப்போட முடியும். அதற்குப் பெயர் டிரான்ஸாக்‌ஷன்.

ஆகவே ஜன்னலுக்கே போய் மனு எழுதினோம். நான் பற்று-வரவு சொன்னேன், பையன் எஸ்.க்யூ.எல்.லில் அடித்தான். மாமிக்கு இதெல்லாம் முக்கியமில்லை. ‘‘பாக்கி இல்லைன்னு அவர் வீட்டுக்கு இன்னிக்கே போன் பண்ணிடு’’ என்றார்.

அடுத்த ஃபைல் திறந்தது.

‘‘இவனா? ரெண்டு கார் வெச்சிருக்கான். பிரிண்ட் எடு!’’