ப்ரூஃப் எங்கே சார்?

போன வருஷம் என் ஸ்கூட்டர் ஓர் எருமை மாட்டின் மேல் மோதியது. (மாடுதான் மோதியது என்பது என் தரப்பு. மாடு இன்னும் வாய் திறக்கவில்லை.) எனக்கு இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆஸ்பத்திரி பில் பதினெட்டாயிரத்துச் சொச்சம்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போனேன். "கை உடைஞ்சதுக்கு ப்ரூஃப் எங்கே சார்?" என்றார் அங்கிருந்தவர். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கி மேஜை மேல் வைத்தேன்.

"இது கை சார். எக்ஸ்ரே எங்கே?"

நாலு மாதம், பதினோரு தடவை அலைந்து பதினோராயிரம் ரூபாய் வாங்கினேன். ஏதோ கார்கில் போய் வந்த மாதிரி பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். டெல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் திரும்பும்போதும் விடவில்லை.

விடியற்காலை போபாலில் ஒரு பெரியவர் ஏறி எதிர் சீட்டில் உட்கார்ந்தார். வயது அறுபத்து மூன்றாம். பார்த்தால் எண்பது. இரண்டு படி ஏறியதற்கே பத்து நிமிஷம் மூச்சு வாங்கியது. நான் மத்யமா வரை பாஸ் செய்த ஹிந்தியில் என் எக்ஸ்ரே புராணத்தை எடுத்துவிட்டேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகு நேரமாயிற்று.

பிறகு பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்தார். உள்ளே தலையணை சைஸில் ஒரு ஃபைல். மருந்துச் சீட்டுகள், எக்ஸ்ரேக்கள், மனுக்களின் நகல்கள். "நாற்பது வருஷத்து ப்ரூஃப், பேட்டா" என்றார்.

1984, டிசம்பர் 2 நள்ளிரவு. யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் 610-ம் நம்பர் டாங்கில் தண்ணீர் புகுந்து, சுமார் 40 டன் மெதைல் ஐசோசயனேட் ஊருக்குள் பரவிய ராத்திரி. "யாரோ மிளகாய் வற்றலைக் கொளுத்துறாங்கன்னு நினைச்சோம். அப்புறம் ஓடினோம். பின்னால கேட்டாங்க, வாயு பட்டதுக்கு என்ன ப்ரூஃப்னு. ஓடறவன் சீட்டு எழுதி வாங்கிக்கிட்டா ஓடுவான்?"

1990-லிருந்து மாதம் 200 ரூபாய் இடைக்கால நிவாரணம் வந்ததாம். அப்புறம் நஷ்ட ஈடு 25,000 ரூபாய். அதிலும் ஏற்கெனவே கொடுத்த 200-களைக் கழித்துக்கொண்டார்கள். 2004-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி இன்னொரு 25,000.

பி.காம். படித்தவன் கை சும்மா இருக்குமா? டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஐம்பதாயிரத்தை நாற்பது வருஷத்து நாட்களால் வகுத்தால், ஒரு நாளைக்கு மூன்று ரூபாய் நாற்பத்திரண்டு காசு. அப்போது நான் குடித்துக்கொண்டிருந்த டீ பத்து ரூபாய்.

கணக்கு எங்கே உதைத்தது? நம் அரசாங்கம் கேட்டது 330 கோடி டாலர். 1989 பிப்ரவரியில் சமரசமானது 47 கோடி டாலருக்கு. அன்றைய மதிப்பில் 715 கோடி ரூபாய். சுமார் 3,000 பேர் சாவு, ஒரு லட்சம் பேருக்குப் பாதிப்பு என்ற கணக்கில் முடிந்த பேரம் அது. பிற்பாடு நஷ்ட ஈடு பெறத் தகுதியானவர்கள் என்று தேறியவர்களோ ஐந்து லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல். தொகை அதே தொகை, பங்கு கேட்கும் தலை ஐந்து மடங்கு. டாலர் விலை ஏறியதும் பேங்க் வட்டியும்தான் இரண்டாவது 25,000-த்தைக் கொண்டுவந்தன.

"வைத்தியம்?" என்றேன்.

"அதுக்குன்னு ஆஸ்பத்திரி இருக்கு. மருந்து இலவசம். ஆனா போற நாள் இலவசம் இல்லையே? மூட்டை தூக்கறவனுக்கு ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு."

நாக்பூரில் மகளைப் பார்க்கப் போகிறார். 1988-ல் பிறந்தவள். அவளுக்கும் இருமல். "வாயுவாலன்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாதுங்கறார் டாக்டர்."

அடுத்த விஷயம்தான் என் பதினோராயிர ரூபாய் பெருமையைப் பொசுக்கிவிட்டது. 1991-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு நல்ல காரியம் சொன்னது. வாயு பட்டும் அப்போது நோய் தெரியாதவர்கள், இனி பிறக்கப்போகும் குழந்தைகள் என்று சுமார் ஒரு லட்சம் பேருக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எடுங்கள் என்று மத்திய அரசிடம் சொன்னது. 2023 மார்ச்சில், கூடுதல் நஷ்ட ஈடு கேட்ட மனுவைத் தள்ளுபடி செய்தபோது அதே கோர்ட் ஃபைலைப் புரட்டிப் பார்த்தது. பாலிசி எடுக்கப்படவே இல்லை! மகா அலட்சியம் என்று அரசைக் கண்டித்தது.

கண்டிப்பில் மாத்திரை வாங்க முடியுமா சார்? எனக்காவது 'எக்ஸ்ரே எங்கே?' என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். இந்த அப்பாவுக்கும் பெண்ணுக்கும் ப்ரூஃப் மட்டும் தலையணை உயரம். நீட்டுவதற்குத்தான் கவுன்ட்டர் இல்லை.

நாக்பூர் வந்தது. ஃபைலை ஜாக்கிரதையாகக் கவரில் சுற்றிக்கொண்டு எழுந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். இறங்கும் முன் திரும்பிக் கேட்டார்.

"ஆமா பேட்டா, அந்த எருமைக்கு என்ன கொடுத்தாங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.