தறிச் சத்தமும் பத்து ராகமும்

'இண்டஸ்ட்ரியல் மியூசிக்' என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. இரும்பு இடிக்கிற ஓசை, மோட்டார் உறுமல், ஸ்பீக்கர் கிழிகிற இரைச்சல்... எல்லாம் சேர்ந்தால் அது சங்கீதமாம்! 1976-ல் இங்கிலாந்தில் 'த்ராபிங் கிரிசில்' என்கிற கோஷ்டி 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்று ஒரு கம்பெனியே ஆரம்பிக்க, அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவனுக்கு இதில் என்ன சார் ஆச்சரியம்? எனக்குத் தறிச் சத்தம்தான் தாலாட்டு.

நம்ம ஊரிலும் மெஷினை நம்பினவர் ஒருத்தர் இருந்தார். இரும்பை இடிக்கவில்லை, ராகம் வாசித்தார். பெயர் சரண்ஜித் சிங். பம்பாய்க்காரர். இந்திப் பட ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்துப் பிழைத்தவர். 1982-ல் ஜப்பான் ரோலண்ட் கம்பெனியின் மூன்று பெட்டிகளோடு உட்கார்ந்தார். ராகத்துக்கு ஜூபிடர்-8, தாளத்துக்கு டிஆர்-808, அடிநாதத்துக்கு டிபி-303. 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று எச்.எம்.வி.யில் இசைத்தட்டு வந்தது. யமன், மால்கௌன்ஸ், பூபாளி என்று பத்து ராகம். நம்ம பாஷையில் கல்யாணி, இந்தோளம், மோகனம். (பூபாளியைப் பூபாளம் என்று நினைத்து விடாதீர்கள்!)

விற்கவில்லை. டிஸ்கோ பிரியர்களுக்கு ராகம் ஜாஸ்தி, ராகப் பிரியர்களுக்கு டிஸ்கோ ஜாஸ்தி போலிருக்கிறது.

1987-ல் அதே டிபி-303 பெட்டியை வைத்து சிகாகோவில் 'ஃப்யூச்சர்' என்கிற கோஷ்டி 'ஆசிட் ட்ராக்ஸ்' போட்டது. 'ஆசிட் ஹவுஸ்' பிறந்தது என்று உலகமே ஆடியது. 2002-ல் எடோ பௌமன் என்கிற டச்சுக்காரர் டில்லிக் கடையொன்றில் நம்மவரின் பழைய தட்டைக் கண்டெடுத்தார். 2010-ல் மறுபடி வெளியிட்டார். 'ஐந்து வருஷம் முன்னாடியே ஒரு இந்தியரா!' என்று அப்போதுதான் வாயைப் பிளந்தார்கள். எழுபது வயசில் சிங் ஐரோப்பிய மேடை ஏறினார். 2015-ல் காலமானார்.

இந்தக் கதையைச் சொல்லி, அப்பா காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். நாற்பது வருஷம் தறியில் உட்கார்ந்த மனிதர். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இன்னாடா இது, அட்டை போட்ட தறி மாதிரி ஓடுது?"

அசந்துவிட்டேன். ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 808-ல் பதினாறு பட்டன். அமுக்கினால் அடி விழும், அமுக்காவிட்டால் மௌனம். அதே கணக்குதானே!

"தட்டு விக்கலியே, இருபத்தெட்டு வருஷம் அந்தாளு இன்னா பண்ணாரு?"

"மத்தவங்க பாட்டுக்கு வாசிச்சாருப்பா."

"துட்டு வந்துச்சில்ல? அப்பறம் இன்னா!"

எனக்குச் சுருக்கென்றது. ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கீபோர்டில் நானும் என்னவோ செய்துகொண்டிருக்கிறேன். கேட்க நாதியில்லை. அதனால் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "நீ நெய்ஞ்ச புடவை எல்லாத்துலயும் கடைக்காரன் பேருதானே இருக்கு? உனக்கு வருத்தமே இல்லியாப்பா?"

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்லாம இருக்குமாடா? ஆனா அது எப்பவாவது வர்ற வருத்தம். கோர்வை சரியா விழலேன்னா அன்னிக்கு ராத்திரி தூக்கமே வராது."

உடலும் கரையும் சேர்கிற இடம் கோர்வை. கட்டிக்கொள்கிறவர்கள் அதை உற்றுப் பார்ப்பதுகூட இல்லை. நெய்தவருக்குத்தான் தெரியும்.

நான் கீபோர்டை மூட்டை கட்டவில்லை. "இதுக்கெல்லாம் காசு தருவாங்களா?" என்று மனைவி கேட்கிறாள். இருபத்தெட்டு வருஷம் டைம் கேட்டிருக்கிறேன்.